பிள்ளை கையில் முதல் துப்பாக்கி

நம் மன்றத்தின் இதழில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் வியக்கக்கூடும். மொழியைப் பற்றி எழுதலாம்; விடுதிச் சோற்றைப் பற்றி எழுதலாம்; வேலையில்லாப் பட்டதாரியைப் பற்றி எழுதலாம். பிள்ளைக்கு மான் வேட்டை பழக்க முதன்முதலாக எந்தத் துப்பாக்கி வாங்குவது என்னும் கேள்விக்கும், மைசூரில் படிக்கும் தமிழ் மாணவனுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு, நண்பர்களே. நாம் நாலெழுத்துப் படித்தவர்கள். ஆகவே எதைக் கேட்டாலும் நமக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் உள்ளவர்கள் நம்புகிறார்கள். தங்கைக்குக் கல்லூரி தேடுவதானாலும் சரி, தம்பிக்கு மிதிவண்டி வாங்குவதானாலும் சரி, முதலில் நம்மைத்தான் கேட்கிறார்கள். என்னைத் துப்பாக்கி பற்றிக் கேட்டார்கள். நான் சொன்ன விடையையும் அதற்கான காரணங்களையும் உங்கள்முன் வைக்கிறேன். நாளை உங்களிடமும் இக்கேள்வி வரலாம்.

தேவராஜ மொஹல்லாவில் என் சித்தப்பா வீட்டில் தங்கித்தான் நான் படிக்கிறேன். அவருக்கு ஒரே மகன்; வயது 11. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பெரியப்பா மகன், தம் பையனுக்கு 12 வயது நிறைந்துவிட்டது என்றும், பள்ளித் தோழர்களைப் போலத் தானும் மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று அவன் அடம் பிடிக்கிறான் என்றும், முதல் ரைபிளாக எதை வாங்குவதென்று விசாரித்துக் கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். அதைச் சித்தப்பா உரக்கப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்த இந்தப் பையன் சும்மா இருப்பானா? “அப்பா, எனக்கு?” என்றான்.

சித்தப்பாவுக்கும் உள்ளூர ஓர் ஆசை. எங்கள் தாத்தா கொடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். துரையோடு வேட்டைக்குப் போய் மான் சுமந்து வந்த கதையைக் கேட்டே வளர்ந்தவர் சித்தப்பா. “காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுப்போம். மொட்டை மாடியில் குருவி அடித்துக் கை பழகட்டும். மான் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ படித்தவன், நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லப்பா” என்றார். சித்தி மட்டும், “துப்பாக்கியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.

ஆக, ஒரே வீட்டில் மூன்று கட்சிகள். அமெரிக்காவில் கொடுக்கிறார்களே, நாமும் கொடுத்தால் என்ன என்பது ஒன்று. காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள்தானே என்பது மற்றொன்று. தொடவே கூடாது என்பது மூன்றாவது. இம்மூன்றும் நம் வீடுகள் பலவற்றில் இருப்பவையே. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. அங்கே பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று நாம் நினைத்தால் அது அரைகுறை அறிவு. வேட்டைப் பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கும் வழக்கத்தை 1949-இல் நியூயார்க் மாநிலம் தொடங்கியது. இன்று பென்சில்வேனியாவில் 12 வயதுப் பையன் இளையோர் உரிமம் பெற வேண்டுமானால் அத்தகைய வகுப்பில் தேற வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவத்தில், தூரத்திலிருந்தே ஆள் என்று தெரிவதற்காக, 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளிச்சிடும் செம்மஞ்சள் நிறத்தைத் தலையிலும் மார்பிலும் முதுகிலும் அணிய வேண்டும். எத்தனை மான், ஆணா பெண்ணா, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதிலும் அங்குள்ள அறிந்தவர்கள் ஆசைக்கு இடம் கொடுப்பதில்லை, அளவு பார்க்கிறார்கள். தோளில் ஊன்றும் கட்டை, பிள்ளையின் கைநீளத்துக்குப் பொருந்த வேண்டும். முழங்கையை மடக்கி அதன் மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால் விரல் நுனி விசையைத் தடையின்றி எட்ட வேண்டும். பெரியவர்களுக்கான கட்டையைக் கொடுத்தால் பையன் கழுத்தை நீட்டி உடலைப் பின்னுக்குச் சாய்ப்பான், குறி தவறும். அடுத்தது பின்னுதைப்பு. வெடித்தவுடன் தோளில் அறையும் அந்த உதையை முதல் நாளே பலமாக வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை இழுக்குமுன் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டு சுடப்பட்ட மான் உடனே சாகாது. காயத்தோடு ஓடி எங்கோ ஒரு புதரில் கிடந்து வதைபடும். இதனால்தான் 1955-இல் வெளிவந்த .243 வின்செஸ்டர் போன்ற, மானுக்குப் போதிய வலுவும் தோளுக்கு மென்மையும் கொண்ட தோட்டாவை இளையோருக்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் இடும் துப்பாக்கியே தொடக்கத்துக்கு நல்லது என்பாரும் உண்டு. ஒரே குண்டு என்றால் பொறுமை தானாக வரும்.

அண்ணனுக்கு நான் எழுதிய பதில் இதுவே: அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது, வகுப்பு இருக்கிறது. பையன் முதலில் வகுப்பில் தேறட்டும். ஒரு பருவம் வெறுங்கையோடு பெரியவர்களுடன் காட்டுக்குப் போய் வரட்டும். மான் விழுவதையும், அது உரிக்கப்படுவதையும், இறைச்சி வீட்டுக்கு வருவதையும் பார்க்கட்டும். அதன் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்றால் அளவெடுத்து வாங்குங்கள்.

ஆனால் அங்கே சரியானது இங்கேயும் சரியாகிவிடுமா? கிழக்கு அமெரிக்காவில் மானைத் தின்னும் ஓநாயும் பூமாவும் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. மான்கள் பெருகுகின்றன. கொல்ல வேண்டிய விலங்கைக் கொன்றுவிட்ட மனிதன், அதன் வேலையைத் தானே செய்கிறான். நம் மைசூரிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பந்திப்பூரில் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. மானுக்கு வேடர்கள் அங்கே குறைவில்லை. நாகரஹொளேயில் நெடுங்காலம் ஆய்ந்த உல்லாஸ் காரந்த், ஒரு புலிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 மான் அளவுள்ள இரை வேண்டும் என்றும், அதற்கு ஏறக்குறைய 500 இரைவிலங்குகள் காட்டில் நிலையாக இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டிருக்கிறார். நாம் பொழுதுபோக்குக்குச் சுடும் ஒவ்வொரு மானும் புலியின் இலையிலிருந்து எடுத்த சோறு.

சட்டமோ ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்துவிட்டது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பாதவர் வெடிமருந்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. முன்பு 16 என்று இருந்த வயதை 1983-இல் 21 ஆக உயர்த்தினார்கள். ஆகவே இந்தியாவில் ‘பிள்ளைக்கு மான் வேட்டைத் துப்பாக்கி’ என்று ஒரு பொருளே இல்லை.

“அந்தக் காலத்தில் மகாராஜாவே வேட்டையாடினாரே?” என்று சித்தப்பா கேட்டார். ஆடினார்கள். பந்திப்பூர் அவர்களுடைய வேட்டைக் காடாகத்தான் இருந்தது. வேட்டையில் விழுந்த புலிகளையும் சிறுத்தைகளையும் பதப்படுத்தி உயிருள்ளவை போல நிறுத்திய வான் இங்கன் நிறுவனம் இதே மைசூரில் உலகப் புகழோடு நடந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1941-இல் அக்காட்டில் வேணுகோபால வனவிலங்குப் பூங்காவை ஏற்படுத்தியது மைசூர் அரசு. 1952-இல் இந்திய வனவிலங்கு வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானவர் ஜெயசாமராஜ உடையார். 1973-இல் பந்திப்பூர் புலிகள் காப்பகமாயிற்று. வான் இங்கன் நிறுவனமும் 1999-இல் கடையைக் கட்டிவிட்டது. வேட்டையில் முன்நின்ற ஊரே வேட்டையை விட்டுவிட்டது. நாம் மட்டும் தாத்தா கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதா?

இன்னொரு வாதமும் எழுந்தது. “வேட்டை தமிழன் வீரமல்லவா? நம் இலக்கியத்திலேயே இருக்கிறதே!” என்றார். இருக்கிறது. அதையும் ஒழுங்காகப் படிப்போம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஒரு சிறுவனின் முதல் வேட்டை விரிவாக வருகிறது. அவன்தான் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன், பின்னாளில் கண்ணப்பர். நாகன் மகன் கையில் வில்லைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடவில்லை. நாள் பார்த்து, விழா எடுத்து, ஆசிரியரிடம் விட்டு, முறையாகப் பயிற்றுவிக்கிறான். வேட்டைக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான். அதற்குக் ‘கன்னி வேட்டை’ என்று பெயர். அந்த வேட்டையிலும் வேடர்கள் யானைக்கன்றைத் தொடர்வதில்லை. சிறு குட்டிகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்த பெண் விலங்கை வருத்துவதில்லை என்று சேக்கிழார் சொல்கிறார். வேட்டையே தொழிலாகக் கொண்ட கூட்டம், எதை அடிக்கக்கூடாது என்பதை முதல் வேட்டையிலேயே பிள்ளைக்குக் காட்டியது. அந்த வீரத்தைச் சொல்லி மொட்டை மாடிக் குருவியை அடிக்கப் புறப்படுவது பெரியபுராணத்துக்குச் செய்யும் மரியாதையாகுமா?

அண்டை நாடான கொடகைப் பாருங்கள். கொடவர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டு வெடிப்பது மரபு. கைல்பொது விழாவில் துப்பாக்கியைப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து அவர்களுக்குள்ள விலக்கு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, அதாவது 2029 வரை, நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அவ்விலக்கு வனவிலங்குச் சட்டத்திலிருந்து அல்ல. ஆகவே விழா நாளில் இன்று அவர்கள் குறிவைப்பது தேங்காயை! உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்துவதே போட்டி. மரபும் நின்றது, மானும் பிழைத்தது. பிறந்த நாளிலேயே வேட்டொலி கேட்ட இனத்துக்குத் தேங்காய் போதுமென்றால், நம் வீட்டுப் பையனுக்குக் காகிதம் போதாதா?

இனிக் காற்றுத் துப்பாக்கிக்கு வருவோம். 4.5 மில்லிமீட்டர் துளையும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டவுடன் பலர் ‘அப்படியானால் இது பொம்மை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தசராப் பொருட்காட்சியில் பலூன் சுட்ட நினைவும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தச் சிறிய ஈயக்குண்டு கண்ணைப் பறிக்கும். பக்கத்திலிருந்து பட்டால் உயிரையும் வாங்கும். கல்லிலும் இரும்பிலும் பட்டுச் சுட்டவன் மேலேயே திரும்பிப் பாயும். தேவராஜ மொஹல்லாவின் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. ஒரு மாடியில் வடகம் காய்கிறது. அடுத்த மாடியில் ஒரு பாட்டி துணி உலர்த்துகிறார். அதற்கடுத்த மாடியில் ஒரு பையன் பாடம் படிக்கிறான். குறி தவறிய குண்டு இவர்களில் யாரைத் தேடிப் போகும் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் எண்ண வேண்டும். மாடிக்கு வரும் கிளியும் மைனாவும் குயிலும் அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் பறவையைக் கொல்ல உரிமம் கிடைத்துவிடாது. இங்கே ஒரு நீதிக் கேள்வியும் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியையும் கண்ணியையும் நம்பி வாழ்ந்த நரிக்குறவர் மக்களுக்கு அச்சட்டம் வேட்டையை மூடிவிட்டது. பாசிமணியும் ஊசியும் விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பழங்குடித் தகுதி கிடைத்ததோ 2023-இல்தான். பசிக்காகப் பறவை பிடித்தவனைக் குற்றவாளி என்கிறோம். பொழுதுபோகாமல் பறவையைச் சுடும் நம் வீட்டுப் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுப்போமா?

அப்படியானால் சித்தி சொல்வதுபோல் துப்பாக்கியைத் தொடவே கூடாதா? இதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. அதட்டி அடக்கினால் அது எங்கோ ஒரு தோழன் வீட்டு மாடியில், யாரும் பார்க்காத நேரத்தில், யாரும் சொல்லித்தராத முறையில் நிறைவேறும். ஆசைக்கு நல்ல வழி ஒன்று திறந்திருக்கும்போது அதை ஏன் அடைக்க வேண்டும்?

அந்த வழி குறிபார்த்துச் சுடும் விளையாட்டு. கடலூரில் 1999-இல் பிறந்து குஜராத்தில் வளர்ந்த நம் தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். அதே ஆட்டத்தில்தான் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அந்த இலக்குத் தாளின் வளையங்கள் முழுவதும் 45.5 மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கும். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். எள்ளைவிடச் சிறிய அந்தப் புள்ளியைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து தொட, மூச்சை அடக்க வேண்டும். உடலை நிறுத்த வேண்டும். மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும். குருவியை அடிப்பதைவிட இது கடினம் என்று சொன்னவுடன் என் தம்பியின் கண்கள் விரிந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வேண்டியது கொலையன்று; கடினமான ஒன்றைச் செய்து காட்டும் பெருமை. அதைக் காகிதம் தாராளமாகத் தரும்.

நம் சட்டமும் இவ்வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. 12 வயது நிரம்பியவர்கள் பயிற்சியாளரின் நேர்ப்பார்வையில் இலக்குப் பயிற்சிக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்த விதிகள் இடம் தருகின்றன. ஆகவே சித்தப்பாவிடம் நான் சொன்ன விடை இதுதான்:

ஓராண்டு பொறுப்போம். 12 வயதானதும் பயிற்சியாளர் உள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ப்போம். முதல் ஆறு மாதம் கழகத்துத் துப்பாக்கியே போதும். சொந்தமாக வாங்க வேண்டாம். ஆர்வம் நிலைத்தால் வாங்குவோம். வாங்கும்போது பையனையும் அழைத்துப் போய், கட்டையின் நீளம் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம். போட்டி விதி 5.5 கிலோ வரை இடம் தருகிறது என்பதற்காக அவ்வளவு கனமானதை 12 வயதுப் பிள்ளை தூக்க வேண்டியதில்லை. முதுகை வளைக்காமல் ஏந்தக்கூடிய எடையே அவன் எடை. குழலை மடக்கி வில்சுருளை இறுக்கும் வகை, சின்னக் கைகளுக்குச் சிரமம். பாதியில் நழுவினால் விரலை நசுக்கிவிடும். ஆகையால் பயிற்சியாளர் கூடவே இருந்து, இவன் தானாக இயக்க முடியும் என்று சொல்வதையே வாங்குவோம். வீட்டில் அது பூட்டிய பெட்டியில் இருக்கும். சாவி பெரியவரிடம் இருக்கும். மாடியில் சுடுவது என்ற பேச்சே இல்லை. துப்பாக்கியில் எப்போதும் குண்டு இருப்பதாகவே எண்ணுவது, யாரை நோக்கியும் நீட்டாதிருப்பது, சுடும் நொடிவரை விசையில் விரல் வையாதிருப்பது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்த பின்பே சுடுவது ஆகிய நான்கையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவுக்கு அவன் முதலில் பழகட்டும்.

சித்தப்பா இன்னும் முழுமனத்தோடு தலையாட்டவில்லை. “ஓராண்டா!” என்று இழுக்கிறார். பையன்தான் எனக்குத் துணை நிற்கிறான்; நோட்டுத் தாளில் வளையங்கள் வரைந்து அரை மில்லிமீட்டர்ப் புள்ளி வைக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறான். சித்தி, “பூட்டின் சாவி என்னிடம் இருக்குமென்றால் யோசிக்கலாம்” என்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நம் கையைப் பார்த்துக் காத்திருக்கும் தம்பிமார்களும் அக்காள் பிள்ளைகளும் பலர். காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் ‘அண்ணன் போல உண்டா’ என்று கொண்டாடுவார்கள். அந்தப் புகழ் எளிதில் கிடைக்கும். ஆனால் கொடுத்த கையே கூட நின்று பழக்கவும் வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஒரு கிரிக்கெட் மட்டையை வாங்கிக் கொடுங்கள். நேரமுள்ளவர்கள் பயிற்சிக் கழகத்தின் வாசல்வரை பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். பிள்ளைக்கு ஏற்ற முதல் துப்பாக்கி அங்கேதான் இருக்கிறது. மான் தன் காட்டில் இருக்கட்டும்.